கழுத்து வலியும் உலர் ஊசியும்

சென்னையிலிருந்து வடக்கே கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் கும்மிடிப்பூண்டி வருகிறது. அங்குள்ள சிப்காட் வளாகத்தில் எஃகு ஆலைகளும், இரசாயனத் தொழிற்சாலைகளும், பற்பல இயந்திரக் கூடங்களும் அமைந்துள்ளன. வழியிலுள்ள செங்குன்றம் அரிசி ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. மேற்கே திருவள்ளூரை அடுத்த காக்களூரில் சிறு தொழிற்கூடங்கள் நிறைந்த தொழிற்பேட்டை ஒன்று உண்டு. மாவட்டத்தின் பல ஊர்களில் செங்கற் சூளைகளையும் காணலாம். வெல்டர் குனிந்த தலையுடன் வேலை செய்கிறார். கிரேன் ஓட்டுபவர் மேலிருந்து கீழே எட்டிப் பார்த்தவண்ணம் இருக்கிறார். தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்த பெண் துணியை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. சூளையில் வேலை செய்பவர் செங்கல்லைத் தலையில் சுமக்கிறார். தொழில்கள் வெவ்வேறு, ஆயினும் இவர்கள் மருத்துவரிடம் வந்து சொல்லும் குறைகளுள் ஒன்று எல்லோருக்கும் பொதுவானது. "கழுத்தைத் திருப்ப முடியவில்லை" என்பதே அது.

இயன்முறை மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்ட நான் இக்குறையை அடிக்கடி கேட்பவன். ஒரே வலிக்கு மக்கள் எத்தனை பெயர்களை இட்டு வழங்குகிறார்கள் என்பது எனக்கு எப்பொழுதும் வியப்பையே தருகிறது. ஒருவர் 'சுளுக்கு' என்பார். மற்றொருவர் 'வாயுப் பிடிப்பு' என்பார். 'நரம்பு இழுக்கிறது' என்பார் ஒருவர். 'எலும்பு தேய்ந்துவிட்டது', 'ஜவ்வு விலகிவிட்டது' என்று சொல்வோரும் உண்டு. ஒவ்வொரு பெயருக்குள்ளும் நோயின் காரணத்தைப் பற்றிய ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. சுளுக்கு என்றவர் அதை வழித்துவிடுபவரைத் தேடிச் செல்கிறார். எலும்பு தேய்ந்தது என்றவர் இனிக் கழுத்தை அசைக்கவே கூடாது என்று அஞ்சி இருந்துவிடுகிறார். பெயர் பிழையானால் மருந்தும் பிழையாகிவிடும் அல்லவா? ஆகையால் இவ்வலி எங்கே பிறக்கிறது, அதற்கு இன்று பரவலாகச் செய்யப்படும் உலர் ஊசிச் சிகிச்சையும் கைமுறைச் சிகிச்சையும் எவ்வாறு உதவுகின்றன, அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றைச் சற்று ஆராய்வோம்.

முதலில் கழுத்தின் அமைப்பைக் காண்போம். மனிதனின் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. நெடிய கழுத்தையுடைய ஒட்டகச் சிவிங்கிக்கும் அவை ஏழுதான். மேலே உள்ள இரண்டு எலும்புகளும் தனி வடிவம் கொண்டவை. நாம் தலையை வலமும் இடமும் திருப்பும்பொழுது அவ்வசைவில் ஏறத்தாழப் பாதி இவ்விரண்டிற்கும் இடையிலேயே நிகழ்கிறது. மற்ற எலும்புகளுக்கு இடையே மெத்தைபோன்ற வட்டுகள் அமைந்துள்ளன. 'ஜவ்வு' என்று மக்கள் குறிப்பிடுவது இவற்றைத்தான். இவற்றைச் சுற்றிலும் பல அடுக்குகளாகத் தசைகள் படர்ந்திருக்கின்றன. பிடரியிலிருந்து தோள்வரை விரிந்து கிடக்கும் பெரிய தசையைத் 'டிரபீசியஸ்' என்பர். பையைத் தோளில் மாட்டும்போதும், கையை உயர்த்தி வேலை செய்யும்போதும் உழைப்பது பெரும்பாலும் இத்தசையே.

வளர்ந்த மனிதனின் தலை ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ளது. தலை நிமிர்ந்திருக்கும்வரையில் அதன் எடையைப் பெரும்பாலும் எலும்புகளே தாங்கிக்கொள்கின்றன. தலை முன்னே சாய்ந்தால் கணக்கு மாறிவிடுகிறது. பள்ளியில் நெம்புகோலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஒரு குடம் தண்ணீரை இடுப்போடு அணைத்துக்கொண்டு நெடுந்தூரம் நடக்கலாம். அதே குடத்தை நீட்டிய கையில் ஒரு நிமிடம் தாங்குவதும் அரிது. எடை மாறவில்லை, தூரம் மாறியது. குனிந்த தலையும் நீட்டிய கையில் உள்ள குடத்தைப் போன்றதே. அது விழாமல் பிடரித் தசைகள் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நியூயார்க் நகரத்து அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்பவர் 2014-ஆம் ஆண்டில் இதைக் கணித மாதிரி ஒன்றின்மூலம் கணக்கிட்டார். தலை 60 பாகை குனிந்திருக்கும்பொழுது கழுத்தின்மீது விழும் விசை ஏறத்தாழ 27 கிலோ எடைக்கு ஒப்பாகும் என்பது அவர் கண்ட முடிவு. கடைகளில் விற்கும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிட இது சற்று அதிகம். இஃது உயிருள்ள கழுத்தில் அளந்த அளவன்று, கணக்கு மாத்திரமே என்பதையும் மறந்துவிடலாகாது.

தசை பாரத்தைத் தாங்குவதில் தவறொன்றும் இல்லை. தாங்குவதற்கென்றே அது அமைந்திருக்கிறது. தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. சுருங்கியும் தளர்ந்தும் மாறி மாறி உழைக்கும் தசைக்குள் குருதி தடையின்றி ஓடும். அசையாமல் ஒரே நிலையில் சுருங்கி நிற்கும் தசையிலோ உள்ளழுத்தம் மிகுந்து குருதியோட்டம் குறைகிறது. நடந்தே ஊர் சுற்றுபவரின் கால் சலிக்காதிருக்க, ஓரிடத்தில் காவல் நிற்பவரின் கால் கடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எட்டு மணி நேரம் ஒரே கோணத்தில் தலையைக் கவிழ்த்து வைத்திருக்கும் தொழிலாளியின் பிடரி காவல் நிற்கும் கால்தான். இரவு முழுதும் கைபேசியின்மேல் குனிந்திருக்கும் மாணவனின் பிடரியும் அவ்வாறே.

எலும்பு முறிவு, கிருமித் தொற்று, கட்டி, தண்டுவட நெருக்கம் போன்ற குறிப்பிட்ட காரணம் ஏதுமின்றி, அசைவாலும் இருக்கும் நிலையாலும் கூடியும் குறைந்தும் வரும் வலியையே மருத்துவர்கள் 'மெக்கானிக்கல்' கழுத்து வலி என்கிறார்கள். நாம் இதனை இயக்கக் கழுத்து வலி எனலாம். கழுத்து வலிகளுள் மிகப் பல இவ்வகையைச் சேர்ந்தவை. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 20 கோடியே 30 லட்சம் மக்கள் கழுத்து வலியால் துன்புற்றனர் என்பது உலக நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீடு. அவர்களுள் பெண்களே மிகுதி.

"படம் எடுத்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானில் கழுத்து வலி முதலிய குறை எதுவும் இல்லாத 1,211 பேரைக் காந்தப் படக் கருவியில் வைத்துப் பார்த்து, 2015-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 87.6 விழுக்காட்டினருக்கு வட்டுகள் சற்றே புடைத்திருந்தன. வலியே இல்லாத பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு உள்ள மாறுதலை, வலியுள்ள ஒருவரின் படத்தில் கண்டவுடனே அதுதான் காரணம் என்று எவ்வாறு துணிவது? தலை நரைப்பதைப் போல வட்டும் வயதினால் மாறுகிறது. ஆகவே 'ஜவ்வு விலகிவிட்டது' என்ற ஒரு சொல்லைக் கேட்டு வாழ்நாள் முழுவதும் அஞ்சிக் கிடக்க வேண்டுவதில்லை.

இனித் தசையில் காணும் முடிச்சுகளுக்கு வருவோம். வலியுள்ளவரின் தோளின் மேற்புறத்தை விரலால் அழுத்தினால், கயிறுபோல் விறைத்த ஓர் இழையும், அதில் தொட்டவுடன் துடிக்கச் செய்யும் ஒரு புள்ளியும் தட்டுப்படுவதுண்டு. அதைத் தூண்டு புள்ளி என்பர். சில வேளைகளில் அப்புள்ளியை அழுத்த, வலி அங்கே நில்லாமல் பிடரி வழியே ஏறி நெற்றிப்பொட்டுவரை செல்லும். தசையில் பிறந்த வலி வேறோர் இடத்தில் உணரப்படும் என்பதை 1938-இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் கெல்கிரன் சோதனையால் காட்டினார். தன்னார்வலர்களின் தசைகளில் உப்பு மிகுந்த நீரைச் செலுத்தி, வலி எங்கெங்கே பரவுகிறது என்று அவர் குறித்து வந்தார். அமெரிக்க மருத்துவர் ஜானட் டிராவல் அம்மையார் இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர். 1961-இல் அதிபர் கென்னடிக்கு மருத்துவராகப் பொறுப்பேற்றவரும் இவரே. டேவிட் சைமன்ஸ் என்பவருடன் சேர்ந்து 1983-இல் இவர் வெளியிட்ட நூல், எந்தத் தசையின் புள்ளி எங்கே வலியை எழுப்பும் என்பதைப் படங்களுடன் விளக்கியது. ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே நோயாளியை இரு மருத்துவர்கள் தொட்டுப் பார்த்தால், இருவரும் ஒரே இடத்தில் முடிச்சைக் காண்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின் தூண்டு புள்ளியைப் பற்றிய கொள்கை இன்றும் விவாதத்திற்கு உரியதாகவே இருந்து வருகிறது.

இம்முடிச்சுகளுக்குள் வலி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவது முதலில் வழக்கமாக இருந்தது. செக்கோஸ்லோவாக்கிய மருத்துவர் கரல் லெவிட் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார்: குணம் தருவது மருந்தா, ஊசியா? 241 நோயாளிகளின் 312 வலியிடங்களில் ஊசி குத்தியதன் விளைவை ஆராய்ந்து 1979-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏறத்தாழ 87 விழுக்காட்டு இடங்களில் உடனே வலி தணிந்ததாக அதில் குறித்தார். மருந்தின்றி ஊசியே வேலை செய்யும் என்ற எண்ணம் இவ்வாறு வலுப்பெற்றது. மருந்து ஏதும் இல்லாமையால் இதற்கு 'உலர் ஊசி' என்று பெயர்.

இவ்வூசி நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் ஊசியைப் போன்றதன்று. உள்ளே துளையில்லாத மெல்லிய கம்பி. பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழக் கால் பங்கே இருக்கும். பயிற்சி பெற்றவர் தோலைத் தூய்மை செய்து, முடிச்சை விரல்களுக்கிடையே பற்றிக்கொண்டு, ஊசியை அதனுள் செலுத்துகிறார். சில சமயம் தசை மீனைப்போல் ஒருமுறை துள்ளும். பிறகு ஊசியை எடுத்துவிடுகிறார்; அடுத்த ஓரிரு நாள்கள் அவ்விடத்தில் சற்றுக் கடுப்பு இருக்கலாம். சீனத்து அக்குபங்சர் முறையிலும் இத்தகைய ஊசியே பயன்படுகிறது. ஆயினும் அம்முறை உடலில் ஓடும் நாடிப் பாதைகள் என்ற பழங்கருத்தை அடிப்படையாகக் கொண்டது. உலர் ஊசி முறையோ தசை, நரம்பு ஆகியவற்றின் அமைப்பைக் கொண்டு இடத்தைத் தேர்கிறது. ஊசியால் வலி ஏன் தணிகிறது? விறைத்த இழை தளர்கிறது என்பது ஒரு விளக்கம். ஊசியின் தூண்டுதல் தண்டுவடத்திலும் மூளையிலும் வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது என்பது மற்றொன்று. குணமாகும் என்ற நோயாளியின் எதிர்பார்ப்புக்கும் இதில் பங்கு உண்டு.

கைமுறைச் சிகிச்சை நமக்குப் புதியதன்று. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற பகுதி உண்டு. தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலிய ஒன்பது வகைகளை அது கூறும். இன்றைய இயன்முறை மருத்துவர் விறைத்த தசைகளை நீவித் தளர்த்துகிறார். முள்ளெலும்பின் மூட்டுகளை மெல்ல மெல்ல அழுத்தி அசைக்கிறார். சிற்சில வேளைகளில் விரைவாகச் சிறு தள்ளல் கொடுக்கிறார். அப்பொழுது 'சொடுக்' என்று எழும் ஒலியைக் கேட்டு, விலகிய எலும்பு இடத்தில் வந்து அமர்ந்துவிட்டது என்று பலர் மகிழ்கிறார்கள். அஃது உண்மையன்று. மூட்டுக்குள் உள்ள நீரில் வாயுக் குமிழி தோன்றுவதை ஒட்டி எழும் ஒலி அது. கையின் தீண்டலும் அசைவும் வலியுணர்வைத் தணிக்கின்றன. வலி தணியவே, அஞ்சி நின்ற கழுத்து சற்று அதிகமாகத் திரும்புகிறது. கிடைக்கும் நன்மை இதுவே, இதுவும் சிறியதன்று.

மாணவ நண்பர்களே, நீங்கள் சிந்திக்க வேண்டிய இடம் இதுதான். ஊசி போட்டார்கள், வலி போயிற்று. ஆகவே ஊசியால் போயிற்று என்று சொல்லிவிடலாமா? கழுத்து வலி தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்பொழுதுதான் நாம் மருத்துவரைத் தேடிச் செல்கிறோம். உச்சத்துக்கு அடுத்தது இறக்கந்தான். எனவே ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் முடிவு கட்டலாகாது. இயன்முறை மருத்துவர்கள் செய்த உலர் ஊசியைப் பற்றிய 13 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2017-இல் வெளிவந்தது. சிகிச்சை ஏதும் செய்யாமையைவிடவும், ஊசி போடுவதாகப் பாவனை செய்வதைவிடவும், 12 வாரங்கள்வரை வலியைக் குறைப்பதில் ஊசி மேல் என்று அது கண்டது. ஆனால் சான்றின் தரம் உயர்ந்ததன்று என்பதையும் ஒளிக்கவில்லை. அக்கட்டுரையை எழுதிய எரிக் கேட்டி என்பவரே பிறகு தம் குழுவினருடன் ஒரு சோதனை நடத்தினார். கழுத்து வலியுள்ள 77 பேரை இரு பிரிவாக்கினர். இரு பிரிவுக்கும் கைமுறைச் சிகிச்சையும் உடற்பயிற்சியும் பொது. ஒரு பிரிவுக்கு உண்மையான ஊசி. மற்றதற்குப் பாவனை ஊசி. ஓராண்டுவரை கவனித்ததில் இரு பிரிவுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. 2021-இல் வெளியான இம்முடிவு, முன்பு தாம் எழுதியதோடு முரண்படுகிறதே என்று அவர்கள் மறைத்துவைக்கவில்லை. அறிவியல் வளர்வது இத்தகைய நேர்மையினால்தான்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவு பிறக்கிறது. ஒன்றும் செய்யாமல் வலியோடு இருப்பவருக்கு ஊசி சிறிது காலம் துணை செய்யலாம். கைமுறைச் சிகிச்சையும் பயிற்சியும் ஒழுங்காக நடக்கும் இடத்தில் அதனால் பெரிய ஆதாயம் இல்லை. ஆனால் பயிற்சி செய்ய ஒருவருக்கு அவகாசம் இருக்கிறதா என்பதே நம் பகுதியில் எழும் கேள்வி. "ஊசி போட்டால் இன்றைக்கே குறைந்துவிடுமா, சார்? நாளைக்குக் காலை ஷிப்டுக்குப் போயாக வேண்டும்" என்று கேட்கும் தொழிலாளர்கள் பலர். ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் கூலி. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே உழைப்பவருக்கு, அக்கூலியை எதிர்பார்த்திருக்கும் குடும்பம் வெகு தொலைவில் இருக்கிறது. "குறையலாம், தம்பி, ஆனால் நாளைக்கும் அதே மேசையில் அதேபோல் குனிந்தால் அடுத்த வாரம் திரும்பவும் வருவீர்கள்" என்பதே நேர்மையான மறுமொழி. கழுத்து வலி கண்டவர்களுள் பாதிப் பேருக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் அது மீண்டும் இருப்பதாக, 2008-இல் அறிக்கை தந்த பன்னாட்டு ஆய்வுக்குழு தெரிவித்தது.

அப்படியானால் நிலைத்த உதவி எது? டென்மார்க்கில் அடிக்கடி கழுத்து, தோள் வலியால் வருந்திய 198 அலுவலக ஊழியர்களைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. 2011-இல் அதன் முடிவு வெளியாயிற்று. ஒரு பிரிவினர் ரப்பர்க் குழாயை இரு கைகளாலும் பற்றித் தோளளவுக்கு உயர்த்தும் பயிற்சியை நாள்தோறும் 2 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் செய்தனர். இன்னொரு பிரிவினர் 12 நிமிடம் செய்தனர். பத்து வாரங்களில் இரு பிரிவினருக்கும் வலி குறைந்தது. வெறும் அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை. இரண்டே நிமிடம்! அவர்கள் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவர்கள். உலையின் முன் நிற்பவர்கள் அல்லர் என்பது மெய்யே. ஆயினும் தேநீர் இடைவேளையில் இரண்டு நிமிடம் ஒதுக்க எந்த ஆலையிலும் முடியும்.

தொழிலாளி செய்ய வேண்டியது இது; ஆலை செய்ய வேண்டியது ஒன்றுண்டு. வெல்டிங் செய்யும் பொருளைத் தரையில் கிடத்தாமல், மார்பளவு உயரமுள்ள தாங்கியில் ஏற்றினால் குனியும் கோணம் குறைகிறது. திரை கண்மட்டத்தில் இருந்தால் இயந்திரத்தை இயக்குபவர் நிமிர்ந்து நிற்கலாம். மணிக்கொரு முறை வேலையை மாற்றிக் கொடுத்தால் ஒரே தசை ஓயாமல் காவல் நிற்க நேராது. தீங்கு விளைக்கும் அளவுக்கு மிகுந்த பாரத்தை எந்தத் தொழிலாளியையும் தூக்கவோ சுமக்கவோ செய்யலாகாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 34-ஆம் பிரிவு விதித்திருந்தது. கையில் எடுக்கும் பாரத்தை நாம் நிறுத்துப் பார்க்கிறோம். குனிந்த தலையின் பாரத்தை நிறுத்துப் பார்ப்பார் இல்லை.

இனிச் சில எச்சரிக்கைகள். அயர்லாந்தில் 39 இயன்முறை மருத்துவர்கள் செய்த 7,629 உலர் ஊசிச் சிகிச்சைகளைக் கணக்கெடுத்து 2014-இல் வெளியிட்டனர். ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை சிறு குருதிக் கசிவு, கன்றிப்போதல், வலி போன்ற சிறு தொல்லைகள் நேர்ந்தன. பெருந்தீங்கு எதுவும் நேரவில்லை. எனினும் தோளின் மேற்புறத்திற்குச் சற்றுக் கீழேதான் நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஊசி தவறி அங்கே சென்றால், நுரையீரலைச் சூழ்ந்த இடத்தில் காற்றுப் புகுந்து அது சுருங்கிவிடும். இஃது அரிது; ஆனால் நிகழ்ந்திருக்கிறது. ஊசி போட்ட பிறகு மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உடற்கூறு பயின்று, இதற்கெனப் பயிற்சியும் பெற்றவரிடமன்றி வேறெவரிடமும் இச்சிகிச்சையைச் செய்துகொள்ளலாகாது. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றொருவருக்குப் பயன்படுத்தவும் கூடாது.

முடி திருத்தும் நிலையங்களில் கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடுக்கெடுக்கும் வழக்கம் ஒன்று நம்மிடையே இருக்கிறது. செய்பவருடைய நோக்கம் நல்லதே. ஆனால் மூளைக்குக் குருதியைக் கொண்டு செல்லும் இரண்டு நாளங்கள் கழுத்து முள்ளெலும்புகளின் பக்கத் துளைகளின் ஊடே செல்கின்றன. வேகமாகத் திருப்பும்பொழுது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களும் உண்டு. அரிதே ஆயினும் மீளாத தீங்கு அது. பணிவாக வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நலம்.

கை கால் வலுவிழத்தல், நடை தடுமாறுதல், சிறுநீர் கழிப்பதில் மாறுதல், காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், விழுந்து அடிபட்ட பின் வரும் வலி, இதுவரை கண்டிராத கடுந்தலைவலி ஆகியவற்றுள் ஒன்று கழுத்து வலியுடன் சேர்ந்தால், ஊசியும் வேண்டாம், நீவுதலும் வேண்டாம். முதலில் மருத்துவரைக் காண வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி கழுத்துக்கும் இடக்கைக்கும் பரவினால் அஃது இருதயத்தின் வேலையாகவும் இருக்கலாம். அப்பொழுது சிறிதும் காலந்தாழ்த்தலாகாது.

உங்களுள் சிலர் மருத்துவராவீர்கள். சிலர் பொறியியல் கற்று இந்தத் திருவள்ளூர் மாவட்டத்து ஆலைகளிலேயே பொறுப்பேற்பீர்கள். ஊசியைப் பழுதறப் பயன்படுத்தும் கடமை முன்னவருக்கு உரியது. வேலைக்கு வரும் மனிதனின் உயரத்தை அளந்து, அதற்கேற்ப மேசையை அமைக்கும் கடமை பின்னவருக்கு உரியது. இரண்டாவது கடமை செவ்வனே நிறைவேறினால், முதலாவதற்கு அவ்வளவு வேலை இராது.